கரிஸ்மா என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். பதவி உயர்வு பற்றிப் பேசும்போது உங்கள் மேலாளர், "வேலையெல்லாம் சுத்தமாகச் செய்கிறீர்கள், ஆனால் கரிஸ்மா போதாது" என்று சொல்லியிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் கவர்ச்சி, வசீகரம், காந்த சக்தி, தெய்வ அருள் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வருகின்றன. இவற்றில் எது சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அது பிறவிக்குணமா அல்லது பழகினால் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: "மற்றவர்களிடம் இருக்கும் ஏதோ ஒன்று என்னிடம் இல்லையா?" சொல்லின் வரலாற்றில் அதற்கும் பதில் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பழங்கிரேக்கம் முறையாகப் படித்தவன். சமூகவியல் நூல்களைத் தமிழாக்கம் செய்வது தொழில். அந்த வேலையில் இந்தச் சொல் அடிக்கடி குறுக்கே வந்து நிற்கும். சொல்லின் வரலாற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். உளவியல் ஆய்வுகளைத் தொடும் இடத்தில் மட்டும் நான் அந்தத் துறைக்காரன் இல்லை, அக்கறையோடு படிக்கும் வாசகன்; அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கரிஸ்மா கிரேக்கச் சொல். அதில் யாருக்கும் ஐயமில்லை. அடிச்சொல் 'கரிஸ்'. ஒருவர் காட்டும் தயவு, அதைப் பெற்றவர் காட்டும் நன்றி, பார்த்த கண்ணை மகிழ்விக்கும் பொலிவு ஆகிய எல்லாவற்றையும் கிரேக்கர்கள் அந்த ஒரே சொல்லில் அடக்கினார்கள். கொடுப்பவர் மனத்தில் இருப்பதும் கரிஸ்தான், வாங்கியவர் மனத்தில் சுரப்பதும் கரிஸ்தான். இன்றைக்கும் கிரேக்கர்கள் நன்றி சொல்ல 'எஃப்காரிஸ்தோ' என்கிறார்கள். கிறிஸ்தவர்கள் நற்கருணைக்கு வழங்கும் 'யூகரிஸ்ட்' என்ற பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். இன்னும் பின்னால் போய், வேதமொழியில் 'விரும்புகிறான்' என்று பொருள்படும் 'ஹர்யதி'யையும், ஆங்கிலத்தில் ஏக்கத்தைச் சொல்லும் 'யேர்ன்' என்ற சொல்லையும் இதோடு ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் சேர்க்கிறார்கள் சொற்பிறப்பியலார். அந்த வேர் ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு மீட்டெடுக்கப்பட்டது, எந்த ஏட்டிலும் எழுதிக் கிடைத்ததல்ல. பெரும்பாலோர் ஏற்கும் கருத்து என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரிஸிலிருந்து 'மனமுவந்து கொடு' என்ற வினை பிறந்தது. அந்த வினையோடு 'மா' என்ற ஈறு சேர்ந்தால் கரிஸ்மா. இந்த ஈற்றில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரு செயலின் விளைவாகக் கிடைக்கும் பொருளை இந்த ஈறு காட்டும். 'திரான்' என்றால் செய்தல். 'திராமா' என்றால் செய்து காட்டப்பட்டது, அதாவது நாடகம். 'பொயேயின்' என்றால் ஆக்குதல். 'பொயேமா' என்றால் ஆக்கப்பட்டது. ஆங்கிலத்தில் கவிதைக்கு வழங்கும் 'போயம்' அதன் வழி வந்தது. அப்படிப் பார்த்தால் கரிஸ்மா என்பது 'உவந்து கொடுக்கப்பட்டது'. கொடுக்கப்பட்டது என்றாலே கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்தச் சொல் பயணம் செய்த இரண்டாயிரம் ஆண்டுகளில் அந்தக் கொடுத்தவர் யார் என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் கொடுத்தவரை அடியோடு மறந்துவிட்டோம். உங்கள் மேலாளர் பேசுவது அந்த மறதிக்குப் பிறகு வந்த மொழி.

கரிஸ்மா என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஹோமரின் ஒடிசியில் கரிஸ் எப்படி வருகிறது என்று பாருங்கள். கப்பல் உடைந்து, உப்பும் சேறும் அப்பிய உடம்போடு ஒடிசியஸ் அந்நியக் கரையில் ஒதுங்குகிறான். அவனைப் பார்த்ததும் பணிப்பெண்கள் சிதறி ஓடுகிறார்கள். ஆற்றில் இறங்கிக் குளித்து எழுந்தவன்மீது அதீனா தேவி, கைதேர்ந்த தட்டான் வெள்ளிமேல் பொன்னை வார்ப்பதுபோல, தலையிலும் தோளிலும் கரிஸை வார்க்கிறாள். சற்று முன்பு அருவருப்பாகத் தெரிந்தவன் இப்போது தேவர்களைப் போல் இருக்கிறானே என்று இளவரசி நவுசிகா வியக்கிறாள். ஆள் அதே ஆள். மேலே வந்து சேர்ந்தது வேறொருவர் வார்த்தது.

அதே காவியத்தின் 8ஆம் பாகத்தில் இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. அழகான இளைஞன் ஒருவன் ஒடிசியஸைப் பார்த்து, "உன்னைப் பார்த்தால் விளையாட்டு வீரனாகத் தெரியவில்லை, சரக்குக் கணக்குப் பார்க்கும் வியாபாரி மாதிரி இருக்கிறாய்" என்று சீண்டுகிறான். ஒடிசியஸின் பதிலின் சாரம் இது: தேவர்கள் எல்லா வரத்தையும் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. தோற்றத்தில் எளியவனாக இருப்பான் ஒருவன், அவன் பேச்சுக்குத் தேவன் அழகு சூட்டுவான், சபையே அவனைப் பார்த்து மகிழும். இன்னொருவன் தோற்றத்தில் தேவர்களுக்கு நிகராக இருப்பான், ஆனால் அவன் சொற்களுக்குக் கரிஸ் மகுடமாக அமைந்திராது. தோற்றமும் கரிஸும் வேறுவேறு என்பது இந்தச் சொற்குடும்பத்தின் மிகப் பழைய இலக்கியச் சான்றிலேயே தெளிவாக இருக்கிறது. கரிஸ்மாவுக்குக் 'கவர்ச்சி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதும் அகராதிகள்மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கரிஸ்மாவை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கடிதங்கள் எழுதிய கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல். அவரே இந்தச் சொல்லை உருவாக்கினார் என்று அடித்துச் சொல்வோர் உண்டு. அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அவருக்குச் சற்று மூத்தவரான அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலாளர் பிலோ எழுதிய நூலொன்றிலும் இது வருகிறது. அந்த இடத்தைப் பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் திருத்தியிருக்கலாம் என்று ஐயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், அபூர்வமாக வழங்கிய ஒரு சொல்லுக்குத் தனிப்பொருளும் உயிரும் கொடுத்தவர் பவுல் என்பதில் மறுப்பில்லை. புதிய ஏற்பாட்டில் இது 17 இடங்களில் வருகிறது. ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் பவுலின் பெயரில் உள்ள கடிதங்களில். தமிழ் விவிலியம் படித்தவர்கள் இதைத் தெரியாமலே பலமுறை கடந்திருப்பார்கள்: "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ" என்று தொடங்கும் ரோமர் கடித வசனத்தில் 'கிருபைவரம்' என்று இருப்பதன் மூலம் கரிஸ்மாதான். சம்பளத்துக்கு எதிர்ப்பதமாக அதை நிறுத்துகிறார். உழைத்து ஈட்டுவது சம்பளம். ஈட்டாமல் கிடைப்பது கரிஸ்மா.

கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12ஆம் அதிகாரம் முழுக்க இந்தப் பேச்சுத்தான். அந்தச் சபையில் சிலருக்கு ஆவேசமான பேச்சு வந்தது, அந்நிய பாஷை வந்தது. அப்படி வந்தவர்கள் தங்களை உயர்த்தியும் மற்றவர்களைத் தாழ்த்தியும் பேசத் தொடங்கினார்கள். பவுல் வரங்களை அடுக்குகிறார்: ஞானமாகப் பேசுவது, நோய் தீர்ப்பது, தீர்க்கதரிசனம். அதோடு நிற்கவில்லை. பிறருக்கு உதவி செய்வதும், சபைக் காரியங்களை நடத்துவதும் அதே பட்டியலில் வருகின்றன. ரோமர் கடிதத்தில் கற்பிப்பதையும் தானம் கொடுப்பதையும் இரக்கம் காட்டுவதையும் சேர்க்கிறார். எல்லாருக்கும் ஏதோ ஒன்று உண்டு, எல்லாம் எல்லாருடைய நன்மைக்காகத் தரப்பட்டது என்பது அவர் வாதம். கூட்டத்தை அசத்தும் அந்நிய பாஷையை, மேடைத்திறனுக்கு மிக நெருக்கமான அந்த வரத்தை, கடைசியில் வைக்கிறார். புரியாத பாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிடப் புரியும்படி ஐந்து வார்த்தை பேசுவதே மேல் என்று எழுதுகிறார். கணக்கு வழக்கைச் சரியாக நடத்திவைப்பவருக்கும் கரிஸ்மா உண்டு என்றுதான் இந்தச் சொல் முதலில் பேசியது. வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர் என்று உங்களைச் சொன்னார்களே, பவுலின் பட்டியலில் அதற்கும் இடம் இருக்கிறது.

உங்களுக்காகவே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தன்னைப் பற்றி எதிரிகள் பேசுவதைப் பவுலே எடுத்து எழுதுகிறார். கடிதங்கள் கனமாகவும் வலுவாகவும் இருக்கின்றன, நேரில் பார்த்தால் ஆள் தோற்றத்தில் பலவீனம், பேச்சும் ஒன்றுமில்லை என்று சொல்கிறார்களாம். இன்றைய மொழியில் சொன்னால், பவுலுக்குக் கரிஸ்மா போதாது என்று கொரிந்தில் முணுமுணுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வாழ்வு கொடுத்தவரைப் பற்றியே அப்படி ஒரு குறை இருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

அதன் பிறகு நெடுங்காலம் கரிஸ்மா இறையியலாளர்களின் சொல்லாகவே இருந்தது. லத்தீன் விவிலியம் பல இடங்களில் அதை மொழிபெயர்த்தது, ஓரிடத்தில் கிரேக்க வடிவத்திலேயே விட்டுவைத்தது. தீமோத்தேயுவுக்கு எழுதியதாக உள்ள கடிதங்களில் ஒரு மாற்றம் ஏற்கெனவே தெரிகிறது: மூப்பர்கள் தலையில் கைவைத்து அளித்த வரம் என்று பேச்சு வருகிறது. அந்தக் கடிதங்களைப் பவுலின் காலத்துக்குப் பின் அவர் வழிவந்தவர்கள் எழுதினார்கள் என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. காற்றைப் போல எங்கு வேண்டுமானாலும் இறங்கிய வரம், சடங்கின் வழியாகக் கைமாறும் பதவியாக மாறத் தொடங்கிவிட்டது. 1892இல் வெளியான தம் திருச்சபைச் சட்ட நூலில் ஜெர்மானியச் சட்ட அறிஞர் ருடால்ஃப் சோம் இதைத்தான் விவாதித்தார். ஆதித் திருச்சபை சட்டத்தால் கட்டப்பட்டதல்ல, கரிஸ்மாவால் கட்டப்பட்டது என்றார். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொல்லை எடுத்துக்கொண்டது அவரிடமிருந்து. வேபரே அந்தக் கடனைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறார்.

நாம் இன்று கரிஸ்மா என்று பேசுவதற்கு நேர்க் காரணம் வேபர். அவர் 1920இல் இறந்தார். 'பொருளாதாரமும் சமூகமும்' என்ற அவருடைய பெருநூலை மனைவி மரியானா வேபர் தொகுக்க, 1921, 1922 ஆண்டுகளில் வெளிவந்தது. ஒருவர் சொல்வதை மற்றவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி. வழிவழியாக அப்படித்தான் என்பதால் கேட்கலாம், சட்டம் சொல்வதால் கேட்கலாம், அல்லது இந்த மனிதர் சாதாரணமானவர் அல்லர் என்ற நம்பிக்கையால் கேட்கலாம். மூன்றாவதற்கு அவர் கரிஸ்மா என்று பெயர் வைத்தார். தீர்க்கதரிசிகள், போர்த்தலைவர்கள், ஆவிகளோடு பேசுவதாக நம்பப்படும் ஷாமன்கள் என்று எல்லாரையும் ஒரே தட்டில் வைத்தார். அவர்களுடைய சக்தி மெய்யா பொய்யா, நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது தம் வேலை அல்ல என்றார்.

வேபரின் வரையறையில் ஒரு பெயரெச்சம்கூடப் பெரிய வேலை செய்கிறது. அன்றாடத்தைக் கடந்ததாகக் 'கருதப்படுகிற' ஒரு பண்பு என்று எழுதுகிறார். 'அன்றாடத்தைக் கடந்த' பண்பு என்று எழுதவில்லை. ஜெர்மன் மூலத்தைத் தமிழாக்கும்போது இந்தக் 'கருதப்படுகிற'வை விட்டுவிட்டால் வாக்கியம் கேட்க நன்றாக இருக்கும், கோட்பாடு செத்துப்போகும். ஏனென்றால் தீர்மானிப்பது பின்பற்றுகிறவர்களின் ஏற்பு என்பதுதான் அவர் கண்டது. ஏற்பு இருக்கும் வரைதான் கரிஸ்மா. தலைவர் தொடர்ந்து நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்பியவர்களுக்கு நன்மை வரவில்லை என்றால் அது அவரை விட்டுப் போய்விடும். வறட்சியோ வெள்ளமோ வந்தால் சீனப் பேரரசர் தம் குற்றங்களை ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததை வேபர் எடுத்துக்காட்டுகிறார். பழைய ஈரானியர்களிடமும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. யிமா என்ற மன்னன் பொய் பேசத் தொடங்கியதும் அவனிடமிருந்த அரசப் பேரொளி பறவை வடிவில் பறந்துபோயிற்று என்கிறது அவர்களுடைய பழைய மறைநூலான அவெஸ்தா. அண்மைக் காலத்தில் சான்று வேண்டுமானால் பிரிட்டனின் சர்ச்சிலைப் பாருங்கள். 1930களில் அவர் பதவிக்கு வெளியே நின்று எச்சரித்தபோது பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை. 1940 மே மாதம் பிரதமரானதும் அதே குரல் நாட்டையே நிமிர வைத்தது. போர் முடியும் தறுவாயில் 1945இல் வாக்காளர்கள் அவர் கட்சியைத் தோற்கடித்தார்கள். இந்த 15 ஆண்டுகளில் மாறியது அவர் பேச்சுத்திறன் அல்ல, கேட்டவர்களின் நிலைமை.

ஹோமரிடம் கொடுத்தவள் தேவி. பவுலிடம் கொடுத்தவர் பரிசுத்த ஆவி. வேபரிடம் கொடுப்பவர்கள் பின்பற்றுகிற மக்கள், தாங்கள் கொடுப்பது தெரியாமலே கொடுக்கிறார்கள். 1946, 1947இல் வேபரின் எழுத்துகள் ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைத்தபின் சொல் பல்கலைக்கழகத்தைத் தாண்டியது. 1960களில் அமெரிக்க அதிபர் கென்னடியைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் வழியாகப் பொதுமக்கள் நாவுக்கு வந்தது. அப்போதுதான் அது ஒருவருடைய சொந்தச் சொத்தாக, உயரம் எடைபோல் உடம்போடு ஒட்டியதாகப் பேசப்பட்டது. 1960 செப்டம்பர் 26 அன்று அதிபர் தேர்தலுக்காக அவரும் எதிர்வேட்பாளர் நிக்சனும் நடத்திய விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் நினைத்தார்கள் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கருத்துக்கணிப்பு மிக மெலிந்தது. நிரூபிக்கப்பட்ட உண்மைபோல் அதைச் சொல்வது சரியல்ல. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அந்நிய பாஷை, நோய் தீர்த்தல் ஆகியவற்றை மீட்டெடுத்த கிறிஸ்தவ இயக்கங்களும் 'கரிஸ்மாட்டிக்' என்ற பெயர் பெற்றன. அவர்கள் எடுத்துக்கொண்டது பவுலின் பொருளை. வேபருக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடைசிச் சேதி, இளைஞர்கள் வழங்கும் 'ரிஸ்'. 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆண்டின் சொல்லாகத் தேர்ந்த இது, கரிஸ்மாவின் நடு அசையை மட்டும் கிள்ளி எடுத்தது என்பதே பொதுவான கருத்து. பேச்சால் ஒருவரை மயக்கும் திறன் என்று அதன் பொருள் இன்னும் குறுகிவிட்டது.

ஒலி ஒற்றுமையால் நேரும் குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தியில் வழங்கும் 'கரிஷ்மா'வுக்கும் இதற்கும் உறவில்லை. அது பாரசீகச் சொல். கண்சிமிட்டல், நளினமான பார்வை என்ற பொருளில் தொடங்கி, இந்தியில் அற்புதம் என்றாகிவிட்டது. ஒலியும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தின் 'சார்ம்' லத்தீனில் பாட்டையும் மந்திரத்தையும் குறித்த 'கார்மென்' வழி வந்தது. 'சாரிட்டி'யும் வேறு குடும்பம். இடைக்காலத்து எழுத்தர்கள் கரிஸோடு குழப்பிக்கொண்டு அதற்கு ஒரு 'ஹெச்' சேர்த்து எழுதியதுண்டு. 'கிளாமர்' என்பது 'கிராமர்' என்ற இலக்கணச் சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம். படித்தவனுக்கு மந்திரம் தெரியும் என்ற நம்பிக்கையில் மாயத்தைக் குறித்து, பிறகு மயக்கும் அழகைக் குறித்தது.

இனி நம் சொற்கள். கவர்ச்சிக்கு வேர் 'கவர்', அதாவது கைப்பற்று, பறி. "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" என்ற குறளில் இருப்பது இந்தக் கவர்தல்தான். வசீகரம் என்பது வடமொழியில் 'தன் வசமாக்குவது'. வசியமும் அதன் உடன்பிறப்பு. மந்திர நூல்கள் சொல்லும் எட்டுக் கருமங்களில் அது முதலாவது. ஈர்ப்பு என்பது இழுப்பது. மூன்றிலும் ஒருவர் இன்னொருவரைப் பறிக்கிறார், வசப்படுத்துகிறார், இழுக்கிறார். கரிஸ்மாவில் ஓட்டம் நேர்மாறு, அங்கே அவர் பெறுகிறார். காந்தம் மட்டும் சற்று விலகி நிற்கிறது. வடமொழியில் 'காந்த' என்றால் விரும்பப்பட்டது. 'அயஸ்காந்தம்' என்றால் இரும்பால் விரும்பப்படுவது, இரும்பின் காதலன். இன்று நாம் காந்தம் இழுப்பதாகச் சொல்கிறோம். பெயர் வைத்தவர்கள் இரும்பின் விருப்பத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கரிஸுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் எது என்று என்னைக் கேட்டால் 'திரு' என்பேன். செல்வம், அழகு, தெய்வத்தன்மை மூன்றையும் அது சுமக்கிறது, கரிஸைப் போலவே. திருக்கோவையாரின் முதற்பாட்டு 'திருவளர் தாமரை' என்று தொடங்கும். அங்கே உரை எழுதவந்த, பேராசிரியர் என்ற பெயர்கொண்ட பழைய உரையாசிரியர், திரு என்பது கண்டாரால் விரும்பப்படும் தன்மை நோக்கம் என்கிறார். பொருளிடம் உள்ள அழகை மட்டும் அவர் சொல்லவில்லை, கண்டவரிடமிருந்து அதன்மேல் செல்லும் விருப்பத்தையும் சேர்த்தே திரு என்கிறார். வேபர் 'கருதப்படுகிற' என்று போட்டது எதற்கோ, அதற்காகவே இவர் 'கண்டாரால்' என்று போட்டிருக்கிறார். முதன்முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. இருந்தாலும் 'திரு'வை இன்று இந்தப் பொருளில் மீட்டுக் கொண்டுவர முடியாது. பெயருக்கு முன் வரும் மரியாதைச் சொல்லாக அது நிலைத்துவிட்டது. ஆகவே நடைமுறையில் நான் செய்வது இதுதான்: விவிலியப் பொருளில் வந்தால் 'வரம்', வேபரின் பொருளில் வந்தால் 'கரிஸ்மா' என்றே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் விளக்கம், அன்றாடப் பேச்சின் பொருளில் வந்தால் 'வசீகரம்'. 'கவர்ச்சி'யைத் தவிர்க்கிறேன். திரைப்பட விளம்பரங்கள் அந்தச் சொல்லை உடல்காட்சியோடு இறுகக் கட்டிவிட்டன.

பிறவியா பழக்கமா என்ற கேள்விக்கு வருகிறேன். லொசான் பல்கலைக்கழகத்தில் ஜான் அந்தோனாகிஸ் குழுவினர், உவமை, சின்னக் கதை, எதிரும் புதிருமான அமைப்பு, கேள்வி கேட்டு நிறுத்துவது, உறுதியான நிலைப்பாடு, குரலிலும் முகத்திலும் உணர்ச்சி போன்றவற்றைச் சிலருக்குப் பயிற்றுவித்துச் சோதித்தார்கள். பயிற்சிக்குப் பின் கேட்டவர்கள் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு இது. ஆகவே பேச்சின் அளவில் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் இன்னொன்றுக்கு ஆதாரம் இல்லை: பேச்சின் தாக்கத்தில் சொற்களின் பங்கு வெறும் 7 விழுக்காடு, மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும் என்பது. 1967இல் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் செய்த சோதனைகள், ஒற்றைச் சொல்லைப் பல தொனிகளில் சொல்லியும் முகப்படங்களைக் காட்டியும், பேசுபவரின் விருப்பு வெறுப்பு எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று பார்த்தவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னொரு ஆய்வுப் போக்கையும் அறிந்துகொள்வது நல்லது. ஒரு நிறுவனம் நன்றாக நடந்தாலோ சரிந்தாலோ, உண்மையான பங்கைவிட அதிகமாகத் தலைவரைக் காரணமாக்கும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு என்று 1985இல் ஜேம்ஸ் மெய்ண்டலும் கூட்டாளிகளும் எழுதினார்கள். வெற்றி வந்தபின் அவருக்குக் கரிஸ்மா இருந்ததாக நாம் திரும்பிப் பார்த்துச் சொல்வதும் உண்டு. அது எவ்வளவு, உண்மையான திறன் எவ்வளவு என்பது இன்னும் தீராத வாதம்.

கரிஸ்மா இருப்பது நல்ல மனிதருக்கான சான்று அல்ல என்பதையும் வேபர் படித்தவர்கள் மறக்கக் கூடாது. 1978 நவம்பரில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது, ஜிம் ஜோன்ஸ் என்ற மதபோதகரின் சொல்லை நம்பிப் பின்னால் போனதால். அவரிடமும் எல்லாரும் வியந்த அந்த ஈர்ப்பு இருந்தது.

உங்கள் மேலாளரிடம் திரும்பப் போய், கரிஸ்மா என்று சொன்னபோது எதை நினைத்துச் சொன்னார் என்று நிதானமாகக் கேளுங்கள். கூட்டத்தில் உங்கள் கருத்து எடுபடவில்லை, விளக்கம் தட்டையாக இருக்கிறது என்கிறாரா? அது பழகினால் வரும், மேலே சொன்ன உத்திகளை ஓரிரு மாதம் முயன்றாலே வித்தியாசம் தெரியும். குழுவில் உள்ளவர்கள் நெருக்கடியில் உங்களைத் தேடி வருவதில்லை என்கிறாரா? அது அவர்கள் தரவேண்டிய ஏற்பு. அவர்களுக்கு உண்மையில் எது தேவைப்படுகிறது என்று கவனித்து, அதை நீங்கள் ஒருமுறை இருமுறை செய்துகொடுத்த பிறகுதான் வரும், அதற்குக் காலம் பிடிக்கும். இரண்டும் இல்லை, "ஏதோ ஒன்று குறைகிறது, சொல்லத் தெரியவில்லை" என்கிறாரா? அப்படியானால் அது அவருடைய மனப்பதிவு. பணி மதிப்பீட்டில் அதற்கு இடமிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அளந்து பார்க்கக்கூடிய எந்தக் காரணத்தால் உயர்வு தள்ளிப்போகிறது என்று எழுத்தில் தரச்சொல்லிக் கேளுங்கள்.